அடிமனையும் அடுக்ககமும்: மும்பை மாநகரில் குடியிருப்பு நிலம் வாங்குதலின் வரலாறு

முன்னுரை

தமிழில் 'மனை' என்னும் சொல் வீட்டையும், வீடு நிற்கும் நிலத்தையும் ஒருசேரக் குறிக்கும். மனைவி, மனையறம் ஆகிய சொற்களில் அது இல்வாழ்க்கையைச் சார்ந்து நிற்கிறது. வீட்டுமனை, மனைக்கட்டு, மனையடி சாத்திரம் ஆகியவற்றில் நிலத்தைச் சுட்டுகிறது. இவ்விரு பொருளையும் பிரித்துக் காட்டவேண்டிய இடத்தில் பத்திர வழக்கு 'அடிமனை' என்னும் சொல்லைக் கையாள்கிறது. பிறருடைய நிலத்தில் தம் செலவில் வீடு கட்டிக்கொண்டவர் நிலத்துக்காகச் செலுத்தும் தொகை 'அடிமனை வாடகை' எனப்படும். கோயில் நிலங்களில் இவ்வழக்கு இன்றும் உண்டு. ஆயினும், வீடு ஒருவருடையது, அதன் அடிமனை வேறொருவருடையது என்னும் நிலையைத் தமிழ்நாட்டு வழக்கு பொதுவாக ஒரு குறையாகவே கருதி வந்துள்ளது.

இந்தியாவின் மிக விரைந்து வளர்ந்த கடற்கரை நகரங்களுள் ஒன்றாகிய மும்பையில் இந்நிலை குறையாகக் கருதப்படவில்லை. அங்கு அதுவே நகரம் வளர்ந்த முறை. 1872ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 6.44 இலட்சமாக இருந்த அந்நகரின் மக்கள்தொகை, எல்லைகள் விரிவடைந்தபின் 2011இல் 1.24 கோடியைக் கடந்தது. இவ்வளவு பெரிய நகரில் வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பங்களுள் பெரும்பாலானவை அடிமனையைத் தம் பெயரில் வாங்கியதில்லை. இதற்கு நிலத்தின் விலை மட்டும் காரணமன்று. போர்த்துக்கீசியர் காலந்தொட்டு அடிமனையையும் வீட்டையும் வெவ்வேறாகப் பிரித்துவந்த உரிமை முறைகளே முதற்காரணம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. 1995இல் மும்பை என்னும் பெயர் அதிகாரமுறையில் ஏற்கப்பட்டது. அதற்கு முற்பட்ட காலத்தைப் பேசுமிடங்களில் பம்பாய் என்னும் பெயரே இங்கு ஆளப்படுகிறது.

தீவுகளும் பழைய உரிமைகளும்

பம்பாய் முதலில் ஏழு தீவுகளின் தொகுதி. குஜராத் சுல்தான் பகதூர்ஷா 1534இல் செய்துகொண்ட வசாய் உடன்படிக்கையின்படி அது போர்த்துக்கீசியர் வசமாயிற்று. அவர்கள் நிலத்தை முற்றுரிமையாக விற்கவில்லை. ஆண்டுக்கு ஒரு தொகையோ, போர்க்காலப் பணியோ கடமையாக விதித்துப் பெரும்பண்ணைகளாகப் பிரித்தளித்தனர். கீழைநாட்டு மூலிகைகளைப் பற்றி நூலெழுதிய மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா, பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பம்பாய்த் தீவை இவ்வகையில் குத்தகையாகப் பெற்றிருந்தார்.

1661ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையால் தீவு ஆங்கில அரசரிடம் சென்றது. அவர் 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்கு அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். நகரத்தை ஆண்ட கம்பெனியே வாடகை செலுத்தும் குடியாக இருந்தது என்பது கருதத்தக்கது. நிலக்கிழார்களின் பழைய உரிமைகள் பற்றி எழுந்த வழக்குகளை ஆளுநர் ஜெரால்டு ஆஞ்சியர் 1670களில் ஓர் உடன்பாட்டால் தீர்த்துவைத்தார். ஆண்டுக்கு 20,000 செராஃபின் நாணயம் செலுத்த நிலக்கிழார்கள் இசைந்தனர்; அவர்களுடைய அனுபோகம் உறுதிசெய்யப்பட்டது. இத்தொகை நிலங்களின்மீது பங்கிடப்பட்டதால் தோன்றிய உரிமைவகை 'பென்ஷன் அண்டு டாக்ஸ்' என்று ஆவணங்களில் வழங்கிற்று.

இவ்வாறு ஒவ்வொரு காலமும் ஓர் உரிமைவகையை விட்டுச்சென்றது. விளைச்சலில் பங்காகத் தொடங்கிப் பின்னர்ப் பணமாக மாறியது 'டோக்கா'. தீவுகளுக்கு இடைப்பட்ட கழிநிலங்களைத் திருத்திப் பயிரிட்டவர்கள் குறைந்த தீர்வைக்குப் பெற்றது 'ஃபோராஸ்'. ஆளுநர் வில்லியம் ஹார்ன்பியின் காலத்தில் வொர்லி உடைப்பு அடைக்கப்பட்டு, 1780களில் கடல்நீர் உட்புகுவது தடுக்கப்பட்டபின், இத்தகைய நிலம் பெருகிற்று. அந்நிலங்களில் கம்பெனிக்கு இருந்த உரிமை பற்றிய நெடிய பூசலை 1851ஆம் ஆண்டின் 6ஆம் சட்டம் முடித்துவைத்தது. ஃபோராஸ் சாலை என்னும் பெயர் அவ்வரலாற்றின் எச்சம்.

இவற்றுள் இக்கட்டுரைப் பொருளுக்கு மிகவும் நெருங்கியது 'ஃபசிந்தாரி' முறை. பண்ணை என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. நிலம் ஃபசிந்தாரருக்கு உரியது. அதன்மேல் வீடு கட்டிய குடி, ஒரு சிறு அடிமனை வாடகையைச் செலுத்தித் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்வார். வீட்டை விற்கவும் செய்வார். வாங்குபவர் வீட்டுக்கு விலை தருவார். நிலத்துக்கு வாடகை தருவார். அவ்வாடகையை உயர்த்தலாமா, குடியை வெளியேற்றலாமா என்பன நீதிமன்றங்களில் மீண்டும் மீண்டும் எழுந்த வினாக்கள். மும்பையின் பிற்கால வீட்டுரிமை முறைகள் அனைத்துக்கும் இம்முறை ஒரு முன்மாதிரி எனலாம்.

கடலிலிருந்து பெற்ற நிலம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் நிகழ்ந்த 1861–1865ஆம் ஆண்டுகளில் இந்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. பம்பாயில் குவிந்த பணம் நிலத்தை நாடிற்று. அங்கோ நிலம் இல்லை. ஆகவே கடலைத் தூர்த்து நிலம் உண்டாக்கும் நிறுவனங்கள் தோன்றின. பேக்பே கடலைத் தூர்க்க அமைந்த நிறுவனத்தின் பங்குகள் அவற்றின் முகமதிப்பைவிடப் பன்மடங்கு கூடுதலான விலைக்குக் கைமாறின. 1865இல் போர் முடிந்ததும் பருத்தி விலை வீழ்ந்தது; பங்குகளும் அவற்றை நம்பிய வணிக இல்லங்களும் உடன்வீழ்ந்தன. இன்னும் உருவாகாத நிலத்தை விலைபேசி விற்பது பம்பாய் வரலாற்றில் இவ்வாறு மிக முன்னதாகவே நிகழ்ந்துவிட்டது.

இக்காலத்தின் நிலைத்த பயன் நில அளவையாகும். 1865 முதல் 1872 வரை கர்னல் லாட்டன் தலைமையில் தீவு முழுவதும் அளக்கப்பட்டது. 1876ஆம் ஆண்டின் பம்பாய் நகர நிலவருவாய்ச் சட்டம் பல்வேறு உரிமைவகைகளையும் ஒரே பதிவேட்டின்கீழ்க் கொணர்ந்தது. சட்டம் அவற்றைப் பதிந்ததே அன்றி ஒன்றாக்கவில்லை. ஆகவே தீவு நகரில் சொத்து வாங்குபவர் எல்லைகளை அறிவதோடு, அம்மனை எவ்வகை உரிமையின்கீழ் உள்ளது என்பதையும் அறிந்தாகவேண்டும். புறநகராகிய சால்செட் பகுதியிலோ வேறு முறை. அங்கு 7/12 எனப்படும் கிராமப் பதிவேட்டின் படி நிலத்தின் அனுபோகத்தைக் காட்டும். தமிழ்நாட்டின் சிட்டா, அடங்கல் ஆகியவற்றை அது ஒருவாறு ஒத்தது.

கொள்ளைநோயும் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்டும்

1896ஆம் ஆண்டு மாண்ட்வி பகுதியில் தோன்றிய பிளேக் நோய் பம்பாயை உலுக்கிற்று. நெருக்கமும் காற்றோட்டமின்மையுமே நோய்க்குக் காரணம் என்று கருதிய அரசு, 1898இல் நகர இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்டை நிறுவியது. நெரிசலான பகுதிகளை இடித்து அகன்ற தெருக்கள் அமைப்பதும், வடக்கே வயல்களும் தோப்புகளுமாக இருந்த தாதர், மாதுங்கா, சயன் பகுதிகளில் புதிய குடியிருப்புகளை உருவாக்குவதும் அதன் பணிகள். 1894ஆம் ஆண்டின் நிலக்கையகப்படுத்தல் சட்டத்தின் துணையோடு டிரஸ்ட் நிலத்தைப் பெற்றது, சாலையும் சாக்கடையும் அமைத்தது, மனைகளாகப் பிரித்தது.

அம்மனைகளை டிரஸ்ட் விற்கவில்லை, குத்தகைக்கு அளித்தது. குத்தகைக்காலம் 99 ஆண்டு அல்லது 999 ஆண்டு. இதற்கு இரு நோக்கங்கள் இருந்தன. நகரம் வளரும்போது நிலமதிப்பில் உண்டாகும் உயர்வு பொதுநிறுவனத்துக்கே சேரவேண்டும் என்பது ஒன்று. மனையில் எவ்வளவு பரப்பில் கட்டலாம், எத்தனை மாடி எழுப்பலாம், அண்டை வீட்டுக்கு ஒளி எவ்வளவு விடவேண்டும் என்பனவற்றைக் குத்தகை நிபந்தனைகளாக விதித்துக் கட்டுப்படுத்தலாம் என்பது மற்றொன்று. டிரஸ்டின் தலைவராக இருந்த ஓர் வலியுறுத்திய, 63½ பாகைக் கோணத்தில் ஒளி விழவேண்டும் என்னும் விதி இவ்வகையில் புகழ்பெற்றது.

குத்தகை முறை கட்டடம் எழுப்புவோருக்கும் ஏற்றதாக இருந்தது. நிலத்துக்கு முழுவிலை தரவேண்டாத நிலையில் அவர் தம் முதல் முழுவதையும் கட்டடத்திலேயே இடமுடிந்தது. நகரின் வடபகுதி அரை நூற்றாண்டுக்குள் மாடிக் கட்டடங்களால் நிறைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். தாதரில் பார்சி நடுத்தரக் குடும்பங்களுக்கென மனைகளை ஒதுக்குமாறு பொறியாளர் மன்செர்ஜி ஜோஷி டிரஸ்டை இசைவித்ததும், அதனால் தாதர் பார்சி காலனி உருவானதும் இக்காலத்து நிகழ்ச்சிகளே. 1933இல் டிரஸ்ட் நகராட்சியோடு இணைக்கப்பட்டது. குத்தகை தந்த நிலவுடைமையாளர் என்னும் நிலை நகராட்சிக்கு வந்தது. கிழக்குக் கரையில் 1873இல் அமைந்த துறைமுக டிரஸ்டும் இதே முறையில் பெருநிலக்கிழாராக விளங்கியது.

மாதுங்காவில் தமிழர்

இந்நகர வரலாற்றில் தமிழர் இடம்பெறுவது இக்கட்டத்திலேயாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் இரயில்வே, வங்கி, வணிக நிறுவனங்கள், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றில் எழுத்தர், சுருக்கெழுத்தர், கணக்கர் பணிகளுக்கு வந்த தென்னிந்தியர் மாதுங்காவில் திரளாகக் குடியேறினர். சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி 1932இல் அங்கே தொடங்கப்பெற்றது. ஆஸ்திக சமாஜம், பஜனை சமாஜம், உணவகங்கள், பூக்கடைகள் ஆகியன சூழ அப்பகுதி தென்னிந்தியர் பகுதியாகவே அறியப்பட்டது.

ஆனால் அப்பகுதி பெரும்பாலும் அவர்களுக்கு உரிமையானதாக இல்லை. மனையைக் குத்தகைக்கு அளித்தவர் டிரஸ்ட். அதன்மேல் கட்டடம் எழுப்பியவர் முதலீட்டாளர். அதில் இரண்டு மூன்று அறைகளில் குடியிருந்த தமிழர் வாடகைதாரர். ஒரே இடத்தின்மீது மூன்று அடுக்கு உரிமைகள் நிலவின. தனித்தனிச் சமையலறையும் கழிப்பறையும் கொண்ட தன்னிறைவான அடுக்கக வீடு அக்காலத்துத் தமிழ்க் குடும்பத்துக்குப் புதியது. ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த 'சால்' என்னும் வரிசைக் குடியிருப்பிலிருந்து அது வேறானது. கிணறும் கொல்லையும் உடைய ஊர்வீட்டிலிருந்தும் வேறானது. அந்த வீட்டுக்கு ஊர் வழக்கில் சொல்லப்படும் 'மனை' என்பதே இல்லை.

கூட்டுறவு வழி

வாடகைக்கும் தனியுடைமைக்கும் இடையே மூன்றாம் வழியொன்றைக் கண்டவர்கள் சாரஸ்வத சமூகத்தார். 1915இல் கம்தேவியில் டால்மகி முயற்சியால் நிறுவப்பெற்ற சாரஸ்வதக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் இந்திய நகரங்களில் இவ்வகைக்கு முன்னோடி. நிலமும் கட்டடமும் சங்கத்தின் பெயரில் இருக்கும்; உறுப்பினர் பங்கு வாங்குவார்; அப்பங்கின் வழியே ஒரு வீட்டில் குடியிருக்கும் உரிமை பெறுவார். தனித்தனியே மனை வாங்க இயலாத மாதச் சம்பளக்காரர் ஒன்றுகூடி மனையை அடைய இது துணைசெய்தது.

இம்முறையிலும் அடிமனை உறுப்பினரின் பெயரில் இல்லை என்பது கவனத்திற்குரியது. ஆயினும் அடிமனை யாரிடம் உள்ளதோ அந்தச் சங்கத்தில் குடியிருப்போரே உறுப்பினர். நிலத்தைப் பற்றிய முடிவுகள் அவர்களுடைய பேரவையிலேயே எடுக்கப்படும். இந்த அடிப்படையே பிற்காலத்தில் ஆட்டம் கண்டது.

வாடகைச் சட்டமும் பகடியும்

இரண்டாம் உலகப்போரும் நாட்டுப் பிரிவினையும் பம்பாயின் மக்கள்தொகையைத் திடீரென உயர்த்தின. தீவு நகரில் மட்டும் 1941இல் ஏறத்தாழ 14.9 இலட்சமாக இருந்த மக்கள் 1951இல் 23.3 இலட்சமாயினர். 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1940 செப்டம்பரில் இருந்த அளவில் வாடகையை நிறுத்திற்று. குடியிருப்போரை எளிதில் வெளியேற்ற இயலாதவாறு காத்தது. மாதுங்கா போன்ற பகுதிகளின் நடுத்தரக் குடும்பங்கள் இரண்டு, மூன்று தலைமுறைகள் நகரில் நிலைபெற இச்சட்டம் துணைநின்றது.

அதன் மறுபக்கமே 'பகடி'. மராத்தியில் தலைப்பாகையைக் குறிக்கும் இச்சொல், கேலி என்னும் பொருளுடைய தமிழ்ச் சொல்லோடு தொடர்பற்றது. வாடகை உயராத நிலையில், குடியிருப்புரிமையே விலைப்பொருளாயிற்று. புதிதாக வருபவர் ஒரு பெருந்தொகையைத் தந்து வாடகைதாரர் என்னும் நிலையை வாங்குவார். அத்தொகையில் ஒரு பங்கு வீட்டுக்காரருக்குச் சேரும். பகடி தந்தவர் வீட்டின் விலையில் பெரும்பகுதியைத் தந்தவராவார். சட்டத்தின் பார்வையிலோ வெறும் வாடகைதாரர். நீண்டகாலம் சட்டப்புறம்பாக நிலவிய இவ்வழக்கை 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

வாடகை உயராததால் கட்டடங்கள் பழுதுபார்க்கப்படவில்லை. 1969இல் பழுதுபார்ப்பு வாரியச் சட்டம் இயற்றப்பட்டு, தீவு நகரின் ஏறத்தாழ 19,600 பழைய கட்டடங்கள்மீது தனித்தீர்வை விதிக்கப்பட்டது. எனினும் மழைக்காலங்களில் பழைய கட்டடங்கள் இடிந்து உயிர்கள் மாய்வது தொடர்ந்தது. கட்டடம் விழுந்தால் வாடகைதாரரின் உரிமை எங்கே நிற்கும் என்னும் வினா, அடிமனையை இழந்த வீட்டுரிமையின் வலுக்குறைவை வெளிப்படுத்திற்று.

அடுக்கக உரிமையும் நிலமாற்றமும்

வாடகைக்கு வீடு கட்டுவது ஆதாயமற்றதானதும், கட்டுநர் அடுக்ககங்களைத் தனித்தனியே விற்கத் தொடங்கினர். முறைகேடுகள் பெருகவே 1963இல் மகாராஷ்டிர அடுக்கக உரிமைச் சட்டம் வந்தது. விற்பனை உடன்படிக்கை எழுத்தில் அமைந்து பதிவுபெற வேண்டும். வாங்கியோரைக் கொண்டு கூட்டுறவுச் சங்கமோ நிறுவனமோ அமைக்க வேண்டும். சங்கம் அமைந்த நான்கு திங்களுக்குள் நிலத்தையும் கட்டடத்தையும் அதன் பெயருக்குக் கட்டுநர் மாற்றித்தர வேண்டும் என்று சட்டமும் விதிகளும் கூறின. இந்த உரிமைமாற்றப் பத்திரம் வழக்கில் 'கன்வேயன்ஸ்' எனப்படுகிறது.

முதலிரு கடமைகள் நிறைவேறின. மூன்றாவது மிகப் பல இடங்களில் நிறைவேறவில்லை. மீதமுள்ள கட்டுமான வாய்ப்பைத் தாமே பயன்படுத்தும் எண்ணத்தால் கட்டுநர் நிலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். சில இடங்களில் கட்டுநரே நிலத்தின் உரிமையாளர் அல்லர். பழைய குடும்பத்தாரோடு வளர்ச்சி உடன்படிக்கை மட்டும் செய்துகொண்டவர். அக்குடும்பத்தின் வாரிசுகள் பலராகப் பிரிந்தபின் கையெழுத்துப் பெறுவது அரிதாயிற்று. வீட்டு உரிமையாளரிடம் இருந்தவை பதிவுபெற்ற விற்பனை உடன்படிக்கையும், ஐம்பது ரூபாய் முகமதிப்புள்ள சில பங்குகளுக்கான சங்கச் சான்றிதழுமே. நிலத்தின் பதிவேட்டில் அவர் பெயரும் இல்லை. அவருடைய சங்கத்தின் பெயரும் இல்லை.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2008ஆம் ஆண்டின் திருத்தம் இதற்கு ஒரு தீர்வு கண்டது. கட்டுநர் மறுத்தாலும், தகுதிவாய்ந்த அதிகாரியிடம் சங்கம் விண்ணப்பித்து, உரிமைமாற்றம் நிகழ்ந்ததாகக் கருதும் ஆணையைப் பெறலாம் என்று அது வகைசெய்தது. 2016ஆம் ஆண்டின் நடுவண் அரசு நில மனை ஒழுங்குமுறைச் சட்டமும் உரிமைமாற்றத்தைக் கடமையாக்கியுள்ளது.

சென்னையோடு ஓர் ஒப்பீடு

இவ்விடத்தில் மற்றொரு கடற்கரை மாநகராகிய சென்னையை ஒப்பிடுதல் பயன்தரும். பிறர் நிலத்தில் வீடு கட்டிக்கொண்ட குடிகளின் சிக்கல் சென்னையிலும் இருந்தது. 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவர்களுக்கு இரு உரிமைகளை அளித்தது: வெளியேற்றப்பட்டால் கட்டடத்துக்கு இழப்பீடு, நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு அடிமனையைத் தமக்கே விற்குமாறு கோருதல். பம்பாயின் 1947ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்போரைக் காத்தது. எனினும் நில உரிமையும் குடியிருப்புரிமையும் பிரிந்தவாறே உறைந்தன. சென்னைச் சட்டமோ பிரிந்தவற்றைச் சேர்க்க முயன்றது.

அடுக்ககங்களிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. சென்னையில் அடுக்ககம் வாங்குபவர் பெயருக்கு மனையில் ஒரு பங்கு கிரயப்பத்திரத்தால் பதிவாகிறது. அது பிரிக்கப்படாத பங்கு, வழக்கில் யூ.டி.எஸ். எனப்படும். தம் வீட்டுக்குரிய அடிமனை எத்தனை சதுர அடி என்று அவர் கேட்டறிகிறார். மும்பையில் அவ்வினாவுக்கே பொதுவாக இடமில்லை. அங்கு விலைபேசப்படுவது வீட்டின் உட்பரப்பு மட்டுமே. 1970ஆம் ஆண்டின் மகாராஷ்டிர அடுக்ககச் சட்டம் மனைப்பங்கோடு கூடிய உரிமைக்கு வழிதந்தபோதிலும், சங்கமுறையே பெருவழக்காக நிலைத்தது. ஒரு மாநிலத்தின் வழக்கை மனத்திற்கொண்டு மற்றொரு மாநிலத்தில் வீடு வாங்குவோர் இவ்வேறுபாட்டை அறியாமற்போனால், தாம் பெறாத ஒன்றைப் பெற்றதாக எண்ணக்கூடும்.

நிலத்திலிருந்து பிரிந்த கட்டுமான உரிமை

வீடு நிலத்திலிருந்து பிரிந்ததைத் தொடர்ந்து, கட்டும் உரிமையும் நிலத்திலிருந்து பிரிந்தது. மனைப்பரப்புக்கு எத்தனை மடங்கு தளப்பரப்புக் கட்டலாம் என்பதைக் காட்டும் எஃப்.எஸ்.ஐ. என்னும் குறியீடு, 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் தீவு நகருக்கு 1.33 எனவும் புறநகருக்கு 1 எனவும் அமைந்தது. சாலைக்கோ பூங்காவுக்கோ நிலத்தை விட்டுக்கொடுத்தவருக்குப் பணத்துக்குப் பதிலாகக் கட்டுமான உரிமைச் சான்றிதழ் வழங்க அவ்விதிகள் இடமளித்தன. டி.டி.ஆர். எனப்படும் அச்சான்றிதழைப் புறநகரில் வேறொரு மனையில் பயன்படுத்தலாம். பிறருக்கு விற்கவும் செய்யலாம். நிலம் ஓரிடத்தில் இருக்க, அதன்மேல் எழவேண்டிய மாடி வேறோரிடத்தில் எழலாயிற்று.

இதற்கு முன்னர், 1976ஆம் ஆண்டின் நகர நில உச்சவரம்புச் சட்டம் பெரும்பம்பாயில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காலிநிலத்தை 500 சதுர மீட்டராக வரையறுத்தது. எளியோர்க்கு வீட்டுமனை கிடைக்கச் செய்வது நோக்கம். நடைமுறையில் நிலம் வழக்குகளிலும் விலக்குகளிலும் சிக்கிச் சந்தைக்கு வருவது குறைந்தது. நடுவண் அரசு 1999இல் அதை நீக்கியது. மகாராஷ்டிரம் 2007இல் நீக்கியது.

தாராவியும் நவி மும்பையும்

உரிமையடுக்கின் கீழ்முனையில் தாராவி நிற்கிறது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தமிழர் தோல்பதனிடும் தொழிலை ஒட்டி அங்கு நிலைபெற்றது நன்கறியப்பட்டது. நிலத்தின் பெரும்பகுதி நகராட்சிக்கும் அரசுக்கும் உரியது. அங்கும் வீடுகள் விற்கப்பட்டன, வாங்கப்பட்டன. வாங்கப்பட்டவை சுவரும் கூரையும் அனுபோகமும். 1976ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பை ஒட்டி வழங்கப்பெற்ற ஒளிப்பட அட்டையே பலருக்குக் கிரயப்பத்திரத்தின் இடத்தை நிரப்பிற்று. பிற்காலக் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் 1995 ஜனவரி 1, அதன்பின் 2000 ஜனவரி 1 எனக் குறிக்கப்பட்ட நாட்களுக்கு முன்பிருந்தே குடியிருந்ததற்கான சான்று உரிமையின் அளவுகோலாயிற்று. இங்கு உரிமை நிலத்தைச் சாராமல் காலத்தைச் சார்ந்து நின்றது.

விரிகுடாவின் மறுகரையில் 1970இல் அமைக்கப்பெற்ற சிட்கோ நிறுவனம் நவி மும்பையை உருவாக்கிற்று. 95 கிராமங்களின் நிலம் கையகப்படுத்தப்பட்டது. மனைகள் 60 ஆண்டுக் குத்தகைக்கு அளிக்கப்பட்டன. நிலத்தை இழந்த உழவர்கள் 1984 ஜனவரியில் நடத்திய போராட்டத்தில் ஐவர் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டுக்கு இரையாயினர். கையகப்படுத்திய நிலத்தில் 12.5 விழுக்காட்டை வளர்த்த மனையாகத் திருப்பித்தரும் திட்டம் அப்போராட்டத்தின் பயன். வாஷி, நெருல் ஆகிய இடங்களில் வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பங்களுள் தமிழரும் பலர். அவர்கள் வாங்கிய வீட்டின் அடியில் இருப்பதும் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் வகுத்த குத்தகை முறையின் தொடர்ச்சியே. 999 ஆண்டு 60 ஆகச் சுருங்கியுள்ளது.

முடிவுரை

மும்பையில் குடியிருப்பு நிலம் வாங்குதலின் வரலாறு, அடிமனையை வாங்காமலே வீட்டை வாங்கும் வழிகளின் வரலாறாக அமைந்துள்ளது. ஃபசிந்தாரி, டிரஸ்ட் குத்தகை, பகடி, சங்கப் பங்கு ஆகிய நான்கும் வெவ்வேறு காலத்தின் தேவைகளிலிருந்து பிறந்தவை. நிலமற்றவர் நகரில் தலைசாய்க்க இடம் தந்தவை. முழு மனையை விலைகொடுத்து வாங்கினால்தான் வீடு என்றிருந்தால், மாதுங்காவும் தாதரும் இவ்வளவு விரைவில் நடுத்தர மக்களின் பகுதிகளாகியிரா. பிரிவினையின் இப்பயனை மறுத்தற்கில்லை.

அதன் குறை கட்டடம் முதுமையடையும்போது வெளிப்படுகிறது. கட்டடம் உறுதியாக நிற்கும்வரை அடிமனை யாருடையது என்பது அன்றாட வாழ்வில் எழாத வினா. இடித்துக் கட்டவேண்டிய நாள் வரும்போது அஃது ஒன்றே வினாவாகிறது. 1910களில் 99 ஆண்டுக்கு அளிக்கப்பட்ட குத்தகைகளின் காலம் 2010களில் நிறைவுற்றது. 1960களிலும் 1970களிலும் எழுந்த அடுக்ககங்கள் மறுகட்டுமானத்தை எதிர்நோக்குகின்றன. அரசு நிலங்களின் குத்தகையை உரிய தொகை பெற்று முழு அனுபோகமாக மாற்ற 2019இல் விதிகள் வகுக்கப்பட்டன. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு இதனைச் சேர்த்து நோக்கினால், நூற்றாண்டுகளாகப் பிரிந்துவந்த வீட்டையும் அடிமனையையும் மீண்டும் இணைக்கும் முயற்சி தொடங்கியுள்ளமை புலனாகிறது. அது முற்றுப்பெறும்வரை மும்பையில் வீடு வாங்குபவர் சுவர்களின் உறுதியோடு, நிலப்பதிவேட்டில் யார் பெயர் உள்ளது என்பதையும் பார்த்தாகவேண்டும். 'மனை' என்னும் தமிழ்ச்சொல் வீட்டையும் நிலத்தையும் பிரிக்காமல் வைத்துள்ளது; மும்பையில் அவை பிரிந்தே உள்ளன என்பதை அந்நகரின் ஆவணங்கள் காட்டுகின்றன.